ஹான் மின்ஜூ சாகவில்லை

1

“சாப்ட்டயாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் மௌனிகா ஸ்கூட்டரை எடுத்தாள். “ஆச்சுக்கா” என்று சசிதர் பொய் சொன்னான். அரை மணி நேரத்தில் திருச்சி சாலையில் ஒரு லாரி—

[இதற்குமேல் அந்த வாக்கியம் வேண்டாம். இந்தக் கதை ஒரு மெயிலாகத்தான் தொடங்கியது. சசிதர் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் ஒரு வரிக்குமேல் ஓடவில்லை.]

2

கொரிய மொழி தெரிந்தவர்கள் கோவையில் அரிது என்பதால்— [கட்டுரை மாதிரி இருக்கிறது. விட்டேன்.]

வீடியோ கேம்களை ஆங்கிலத்திலிருந்து கொரிய மொழிக்கு மாற்ற ஆள் தேடுவது சசிதரின் வேலை. அலுவலகம் காந்திபுரத்தில். மிகச் சிறந்த ஆள் வீட்டிலேயே இருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியத் தொழிற்சாலையில் ஏழு வருடம் மொழிபெயர்த்த அக்கா. ஆனால் கேம் கம்பெனியின் விதி, கொரியாவில் பிறந்தவர் மட்டும்.

“பேருதானுங்க பாக்கப்போறாங்க,” என்றார் முதலாளி ரங்கராஜ். “ஒண்ணை வெச்சுப்போடுங்க.”

ஹான் மின்ஜூ என்று ஒரு கொரியப் பெயர் வைக்கப்பட்டது. [இல்லை. வைத்தது சசிதர்.]

“காது குத்தறப்பக்கூட எனக்கு இத்தனை சுலுவாப் பேரு வெக்கலடா,” என்றாள் அக்கா.

3

ஒரு கேமில் படகுக்காரி வருவாள். ஆங்கிலத்தில் அவள் வெறுமனே வணக்கம் சொல்வாள். அக்கா அதைக் கொரிய மொழியில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று எழுதினாள். கொரிய மண்ணில் பிறந்தவரால்தான் இப்படி எழுத முடியும் என்று பாராட்டி கேம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது.

“வெள்ளகோவில்லயும் அப்படித்தானேடா கேப்பாங்க,” என்றாள், அந்த ஊரில் பிறந்தவள்.*

* கேமின் கடைசியில் ஓடும், வேலை செய்தவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை; ஹான் மின்ஜூ என்று இருக்கிறது.

4

பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. ரங்கராஜ் கூப்பிட்டார்.

“கஷ்டந்தானுங்க. ஆனா அடுத்த பாகம் வருதுங்க. வேற ஆளைப் பாருங்க. பேரு அதே இருக்கட்டும்.”

“எங்கக்கா செத்துப்போச்சுங்க.”

“மின்ஜூ சாகலீங்களே.”

[முடிவு ஒன்று: சசிதர் அவரை அறைந்தான். நடக்கவில்லை.]

[முடிவு இரண்டு: கேம் கம்பெனிக்கு உண்மையை எழுதி, பட்டியலில் மௌனிகா என்று போடச் சொன்னான். மெயிலை எழுதினான். அனுப்பவில்லை.]

5

அனுப்பினால் பெயர் வரலாம். அல்லது அவள் எழுதியதையெல்லாம் கம்பெனி தூக்கிவிட்டு வேறு ஆளை வைத்து எழுதலாம். பிறந்த ஊர் தெரிந்ததும் அதே வரி கெட்டுப்போய்விடுமா? பாராட்டியவர்கள் எதைத்தான் படித்தார்கள்?

அனுப்பாவிட்டால் வரி இருக்கும், இல்லாத ஒருத்தியின் பெயரில்.

நீங்கள் முடிவு செய்யுங்கள். பொய்ப் பெயர் வைத்தவனிடம் கேட்காதீர்கள்.

இன்று காலையும் அந்த கேமைத் திறந்தேன். படகுக்காரி துடுப்பை நிறுத்திவிட்டு, சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்கிறாள்.