தொண்ணூற்றேழு டிகிரி

அந்த ஆபீசில் ஒரு சட்டம் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்ணால் பார்க்காத கோளாறு, கோளாறே இல்லை. வெளியிலிருந்து யார் என்ன எழுதி அனுப்பினாலும் அதற்கு எதிரே 'இங்கே வரவில்லை' என்று தட்டி மூடிவிடுவார்கள். இருந்தவை எட்டு கம்ப்யூட்டர்கள். எட்டிலும் ஒரே நாளில் வாங்கிய ஒரே உசத்தி கிராஃபிக்ஸ் கார்டு. பிறகு எங்கிருந்து வரும் கோளாறு? பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றவன், ஊரில் பசியே இல்லை என்று சொல்வது மாதிரி.

அங்கே உருவாகிக்கொண்டிருந்தது ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். வெளியாக இரண்டு மாதம் இருந்தது. 'கம்ப்யூட்டருக்கு மட்டும்' என்று முதலாளி விளம்பரத்தில் மீசையை முறுக்கியிருந்தார். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே பெட்டி. ஒன்றில் ஓடினால் எல்லாவற்றிலும் ஓடும். கம்ப்யூட்டர் அப்படியா? வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வியாதி. அத்தனை வியாதியையும் சோதித்துப் பார்க்க அவர் வைத்திருந்தது ஒரே ஒருத்தியை.

அவளுக்கு அங்கே சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஓட்டை சொல்கிறாளாம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுகிறோம் என்று எடுத்திருந்தார்கள். ஆறாவது மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

முன்னோட்டமாக விளையாடக் கொடுத்த நாற்பது பேரில் மூன்று பேர் ஒரே புகாரை எழுதியிருந்தார்கள். கேமைத் திறந்து, மெனுவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வரும்போது திரை கறுத்துக் கிடக்கிறது. மூவரிடமும் பழைய கார்டு. ஒருவர், 'கருகிய வாடை வந்தது, கார்டு போயேபோச்சு' என்று எழுதியிருந்தார்.

காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. மெனுவில் ஒரு சிப்பாய் பனியில் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தை நொடிக்கு எத்தனை தடவை வரையலாம் என்று யாரும் வரம்பு போடவில்லை. உசத்தி கார்டு தாங்கிக்கொள்ளும். பழைய கார்டு நொடிக்கு ஆயிரம் தடவை அதே சிப்பாயை வரைந்து வரைந்து சூடேறிச் சாகும்.

"மெனுவை எவன்டா டெஸ்ட் பண்ணுவான்?" என்று சிரித்தான் மெனுவை எழுதிய சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். "ஊசியப் பாத்து சல்லடை சொன்ன கதையால்ல இருக்கு. அவன் பெட்டிக்குள்ள ஃபேன் ஓடலைன்னா நான் என்ன பண்ண?"

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள என் கண்ணு முன்னாடி அது சாகணும். இல்லைன்னா அந்தப் புகாரை மூடிட்டு, நீயும் பையைக் கட்டு."

பழைய கார்டு கம்பெனியில் இல்லை. வாங்கித் தரச் சொன்னதற்கு, "குப்பையைக் காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்றார்.

அவள் வீட்டில் இருந்தது. அக்காவுடையது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா, ஒரு அச்சகத்துக்கு லேபிளும் அட்டையும் வடிவமைத்துக் கொடுத்து, தங்கையைப் படிக்க வைத்த பெட்டி.

"திங்கட்கிழமை காலைல ஃபைல் கொடுக்கணும்டி," என்றாள் அக்கா, வயர்களைக் கழற்றிக்கொண்டே. "இதுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒரு நாள்தான்கா. சும்மா ஓட்டிப் பார்ப்பாங்க."

அந்தக் கருகிய வாடையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸே மேசையைச் சுற்றி நின்றது. சுருட்டை பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். ஒரு கைப்பிடி தூசியும், எப்போதோ செத்த கரப்பான் ஒன்றும் விழுந்தன.

"இதுக்குள்ள ஒரு குடும்பமே இருந்திருக்கு சார். வாடகை ஒழுங்கா கொடுத்தாங்களா சல்லடை?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும்தான். அவளுக்குக் காது மடல் எரிந்தது. கேமைத் திறந்தாள். மெனு வந்தது. பனியில் சிப்பாய். திரை மூலையில் கார்டின் சூட்டைக் காட்டும் எண்: எழுபத்தொன்று.

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எண்பத்து நாலு. எண்பத்தொன்பது. ஃபேன் அலறியது.

"ஓடுதே," என்றார் முதலாளி. "நல்லாத்தானே ஓடுது?"

தொண்ணூற்று மூன்று. இதற்குள் யாருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஒரு பட்டனை அமுக்கினால் கேம் மூடிவிடும், சூடு இறங்கும், அக்காவின் பெட்டி அக்காவிடம் போகும். கை கீபோர்டு வரைக்கும் போனது.

"பயந்துட்டா சார்," என்றான் சுருட்டை. "அவளுக்கே தெரியும், ஒண்ணும் ஆகாதுன்னு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சாகட்டும் என்று நினைத்தாள். இவன்கள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி சாகட்டும்.

தொண்ணூற்றேழில் படார் என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. பெட்டியின் பின்னாலிருந்து கீற்றாகப் புகை. கார்டு போனது, பவர் சப்ளையையும் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போனது.

யாரும் சிரிக்கவில்லை. சுருட்டை போய் அவன் இடத்தில் உட்கார்ந்து எதையோ தட்டினான். "வரம்பு நொடிக்கு அறுபதுன்னு போட்டா போதும் சார். ஒரு வரிதான். நாலு நிமிஷ வேலை."

"தொடாதே," என்றார் முதலாளி. "திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னோட்டமா விடப்போற பதிப்பு பூட்டியாச்சு. ஒரு வரியத் தொட்டா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். ஆள் எங்க இருக்கு?" அவள் பக்கம் திரும்பினார். "கேமை விக்கிற ஆன்லைன் கடைப் பக்கத்துல குறைந்தபட்சத் தேவைன்னு பட்டியல் இருக்குல்ல? இந்தக் கார்டும் இதுக்குக் கீழ உள்ளதும் செல்லாதுன்னு ஒரு வரி சேர்த்துடு."

"அதைப் படிக்காம திறப்பாங்க சார். எரியும்."

"நாமதான் சொல்லிட்டோமே. அப்புறம் அவங்க பாடு." தோளைத் தட்டினார். "கெட்டிக்காரி. சொன்னதைச் செஞ்சு காட்டிட்ட. வேலை நிரந்தரம். வரியைச் சேர்த்துட்டுக் கையெழுத்து போட வா."

அவள் உட்கார்ந்தாள். அக்காவின் கார்டு எண்ணை எழுத்துப் பிசகாமல் தட்டினாள். சேமித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவுக்கு வாடையே சொல்லிவிட்டது. மூடியைத் திறந்து கறுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குக்கா. டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல."

"அதை எதுல போட்டுத் திறக்க?"

அக்கா மூடியை மறுபடி மாட்டிக்கொண்டே கேட்டாள். "கோளாறைச் சரி பண்ணிட்டாங்களா?"

"இல்ல. பட்டியல்ல எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். வேலை நிரந்தரமாயிடுச்சு."

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமாடி?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அன்று முழுவதும் நான் சொன்னதுதான் சரி, நான் சொன்னதுதான் சரி என்றே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றாள். "அவங்கதான் நம்பல."

அக்கா போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினாள். வேலை செய்ய முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

"இல்லண்ணே, திருட்டுப் போயிடுச்சு," என்றாள் அக்கா, தங்கையைப் பார்த்துக்கொண்டே. "யாருன்னு தெரியும். வீட்டுக்கு வந்து போற ஆளுதான்."