மணலில் மிதந்த போட்

எங்கள் தோணி உக்கிப்போய்விட்டது. புதிது வாங்கத்தான் வேண்டும். சின்னதா, பெரிதா என்று மூன்று கிழமையாக வீட்டில் பேச்சு. பேச்சு என்றால் இவர் பேசுவார், நான் மீன் கழுவுவேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் தங்கராசா. சின்ன வயதிலிருந்தே கடல் ஆசை பிடித்தவர். ஆனால் நாங்கள் இருப்பது வாவிக்கரையில். விடியும் முன்னரே தோணியைத் தள்ளுவோம். இவர் பின்னால் இருந்து சவள் துடுப்பு வலிப்பார், நான் முன்னால் அணியத்தில் இருந்து வலை விடுவேன். இருபத்தாறு வருசமாக அப்படித்தான். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத அந்த நேரத்தில் நாங்கள் பெரிதாகப் பேசுவதில்லை. கரைச் சேற்றில் நிற்கும் கண்ணாப் பற்றைகளுக்கு மேல் வெளிச்சம் வரும். இறால் துள்ளும். ஒரு கொக்கு தன் நிழலையே பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு அவ்வளவும் போதும்.

பெரிய போட் என்றால் அது கடலுக்கு. எங்கள் பக்கத்தில் கடல் போட்டில் பெண்கள் ஏறுவதில்லை, ஏறினால் மீன் படாது என்பார்கள். இவர் இரண்டு பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு போய்விடுவார், நான் கரையில் நிற்பேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசைப்பட்ட மனிதனை எப்படித் தடுக்கிறது?

சனிக்கிழமை ஓட்டமாவடிக்குப் போனோம். அங்கே றமீஸ் என்பவர் பைபரில் போட் செய்கிறார். அவருடைய கொட்டிலில் ஒரு சின்னத் தோணியும் ஒரு பெரிய போட்டும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பெரியது வெள்ளை, என் தலைக்கு மேல் உயரம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நானும் விளிம்பில் கை வைத்தேன்.

"அக்கா, குறை நினைக்காதீங்க. இது கடலுக்குப் போறது," என்றார் றமீஸ்.

கையை எடுத்துக்கொண்டேன்.

மேலே இவர் பின்பக்கத்தில் இருந்து, எஞ்சின் பூட்டும் இடத்தில் கையை வைத்துக் கண்ணை மூடினார். கூரைக் கிடுகு இடுக்கால் விழுந்த வெயில் போட்டின் பக்கத்தில் அலை மாதிரி ஆடியது. பார்த்துக்கொண்டே நின்றேனா, போட் மிதக்கிற மாதிரியே இருந்தது. மணலும் கொட்டிலும் நானும் மெல்ல மெல்லப் பின்னால் போனோம். இவர் எங்கேயோ தூரத்தில் இருந்தார்.

"மெல்ல விடு கா, வல சிக்கும்," என்றார்.

மூடின கண் மூடினபடி, ஆள் இல்லாத அணியத்துக்குத்தான் சொன்னார், தோணியில் எனக்குச் சொல்கிற மாதிரியே.

"நான் கீழ நிக்கன்," என்றேன்.

கண்ணைத் திறந்து அணியத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். றமீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடலில் நின்று கூப்பிட்டால் அக்காவுக்குக் கேட்காது அண்ணன் என்றார். இவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார். சின்னத் தோணியைத் தட்டிப் பார்த்தார்.

"ஏறி இரு கா, பாப்பம்."

"அப்ப கடல்?"

"அது அங்கினதான் கிடக்கும். நீ ஏறு."

நான் அணியத்தில் இருந்தேன். இவர் பின்னால் ஏறினார். எங்கள் பாரத்துக்கு மணல் கொஞ்சம் அழுந்தியது. றமீஸ் வந்து என்ன நிறம் அடிப்பது என்று கேட்டார். நான் பச்சை என்றேன். இவர் மெதுவாக, நீலம் என்றார்.

நீலமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.