பெஜோ காருக்குள் ஒளித்துவைத்த பாட்டு

ஒரு பொருளை மறைத்து வைக்கிறவன் அதைப்பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஹரிகிருஷ்ணனுக்கு அது முடியாது என்பது, கார் நெல்லித்தோப்பைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சிவசங்கரிக்கு விளங்கிவிட்டது.

அவன் அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை; பாரிஸிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது குடியுரிமை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சிவசங்கரியின் வீட்டில் மற்ற கேள்விகளெல்லாம் நின்றுபோயின. மாப்பிள்ளை என்ன படித்தான், எப்படிப்பட்டவன் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த அப்பா மட்டும், "நீயும் பேசிப் பாத்துட்டு சாயங்காலம் ஒரு வார்த்த சொல்லும்மா" என்றார். சொல்ல வேண்டிய வார்த்தை எது என்பது வீட்டில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருக்கும் சிவசங்கரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் துணைக்கு அன்னக்கிளி சித்தி. காரைவிடப் பெருமையாகச் சித்திதான் உட்கார்ந்திருந்தாள்.

கார் பழைய பெஜோ, பிரெஞ்சுக்காரன் செய்தது. அவன் அப்பா கப்பலில் கொண்டுவந்தது.

"எல்லாம் ஒரிஜினல்ங்க. இந்த டேப் செட்டுகூட கார்ல கம்பெனியே வெச்சுக் குடுத்தது. எப்படிப் பாடுது பாருங்க" என்று ஒரு கேசட்டைச் செருகினான். பாட்டு வந்தது. போன மாதம் வெளியான படத்தின் பாட்டு, கொஞ்சமும் இரைச்சல் இல்லாமல்.

"கண்ணாடி மாதிரி இருக்கே தம்பி!" என்றாள் சித்தி.

"வெள்ளக்காரன் செஞ்ச செட்டுங்க, பின்ன?"

பெரிய மார்க்கெட் வாசலில், ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுவிட்டு, பூ வாங்க இறங்கினான். சாலையைத் தாண்டியதும் பாட்டு விக்கியது. இன்னும் பத்தடி போனதும் காருக்குள் நின்றேவிட்டது. அதே வரியிலிருந்து அவன் சட்டைப்பை பாட ஆரம்பித்தது. பூக்காரம்மா நிமிர்ந்து அவன் மார்பைப் பார்த்தாள். அவன் குழந்தையின் வாயைப் பொத்துவதுபோலப் பையைப் பொத்திக்கொண்டான்.

கேசட் உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவன் வெட்கப்படவில்லை. மாட்டிக்கொண்டதே நல்லதாகப் போயிற்று என்பதுபோல் விளக்க ஆரம்பித்தான். "செட்டுக்குப் பின்னாடி தீப்பெட்டி மாதிரி ஒரு ப்ளூடூத் பெட்டி இருக்குங்க. போன்லேர்ந்து காத்துலயே பாட்டு வரும். வெளிய பாத்தா ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. டாஷ்போர்டக் கழட்டி, ஒவ்வொரு ஒயரையும் என் கையால பத்த வெச்சேன். ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்!"

ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒளித்துவைத்ததை ஊரெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுகிற மனிதன். சிவசங்கரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்போடு நின்றிருந்தால் அவள் சம்மதித்துக்கூட இருப்பாள். பீற்றல் ஒன்றும் பெரிய வியாதியில்லை.

"என் போன்லயும் வருமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் உங்களுக்கு வேணாம்மா. கைய வெச்சா கெட்டுடும்."

கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை மறுபடி ஓடவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கப் போனான். அது 2008ஆம் வருஷம்; மதிய இடைவேளையில் ப்ளூடூத் வழியாகப் பாட்டு மாற்றிக்கொள்ளாத வங்கி ஊழியர் யார்? சிவசங்கரி தன் போனில் தேடினாள். அவன் போன் எட்டாத தூரம் போயிருந்ததால் பெட்டி உடனே அகப்பட்டது. கடவுச்சொல், எல்லாவற்றுக்கும் போடும் அதே நான்கு பூஜ்யம். இணைந்துவிட்டது. அவள் எதையும் பாடவிடவில்லை. வெறுமனே பிடித்து வைத்துக்கொண்டாள்; ஒரு போன் பிடித்திருக்கும்வரை இன்னொன்று அதில் சேராது.

அவன் வந்து தன் போனை அழுத்தினான். வண்டி பாடவில்லை. மறுபடி அழுத்தினான். செட்டை உள்ளங்கையால் தட்டினான். நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் யாருக்கோ போன் போட்டுவிட்டான். தன் அதிகாரம் பெண்கள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரிலும் வைத்தான்.

"டேய் பாவாட! இன்னாடா ஒயர் மாட்டியிருக்க?"

"சார், நேத்துகூடப் பாடிச்சே சார். சாவிய ஒரு தரம் அணைச்சுப் போட்டுப் பாருங்க..."

அந்தக் குரல் சிவசங்கரிக்குத் தெரியும். அடுத்த தெருவில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் பாவாடை அண்ணன்.

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? நாயே, காசு வாங்கும்போது மட்டும் கை நீளுது! காலைல வந்து மொத்தத்தையும் புடுங்கிட்டுப் புதுசாப் போடுற!"

"சரி சார். வரேன் சார்."

அவள் அவசரமாகத் தன் இணைப்பைத் துண்டித்தாள். அவன் போனை வைத்துவிட்டு மறுபடி அழுத்த, பாட்டு கணீரென்று வந்தது.

"பாத்தீங்களா? இவனுங்கள நாலு வார்த்த திட்டினாத்தான் வேல ஓடும்!"

பாவாடையைத் திட்டினால் ஒயர் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்புகிற முகம் அது.

"நீங்களே பத்த வெச்ச ஒயர்னு சொன்னீங்களே?"

"நான் சொல்லச் சொல்லத்தான அவன் செஞ்சான்?"

சிவசங்கரி போனை நீட்டிக் காட்டினாள். "வண்டியில ஒண்ணும் கெடல. நான்தான் என் போன்ல சேத்து வெச்சிருந்தேன். விளையாட்டாப் பண்ணது, தப்புத்தான். அவருக்குப் போன் போட்டு, தப்பு உங்க மேல இல்லன்னு சொல்லிடுங்க."

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு பெரிதாகச் சிரித்தான். "கில்லாடிதாங்க நீங்க! அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அப்பப்ப ரெண்டு திட்டு விழுந்தாத்தான் அவனுங்க அடங்கி இருப்பானுங்க."

"காலைல வேலய விட்டுட்டு வருவாரே?"

"வரட்டுமே. வண்டியக் கழுவச் சொல்லிட்டாப் போச்சு."

 கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிந்தது. அது அவன் சீட்டில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள அவள் கொஞ்சமும் முயலவில்லை.

நெல்லித்தோப்பில் தங்கள் தெருமுனையிலேயே சித்தியோடு இறங்கிக்கொண்டாள். கார் மறைந்ததும் சித்தி பிடித்துக்கொண்டாள். "மூஞ்சிய ஏன்டி இப்படித் தூக்கி வெச்சிருக்க? உங்கப்பாகிட்ட இன்னா சொல்லப்போற?"

"வேணாம்னு."

"அடிப்பாவி! ஒரு ஒயர்க்காரனுக்காகவா? நேஷனாலிட்டிடி! உனக்குப் பாரிஸ் வேணாமா?"

"அங்க போனா என்னைப் பிரெஞ்சுல திட்டுவான் சித்தி. எனக்குப் புரியக்கூடப் புரியாது. திட்டினதாலதான் சோறு நல்லா வெந்துச்சுன்னு வேற சொல்லுவான்."

சித்தி தலையிலடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள், சேதியை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்க. சிவசங்கரி அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். பாவாடை பட்டறை வாசலில் உட்கார்ந்து, நாளைக்கு வேண்டிய ஒயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அத வெட்டாதீங்க" என்றாள்.