மணி அடிக்காமல் விட்ட கவிதை

நகர மன்றக் கூடத்தில் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்றேமுக்கால் மணிக்கு வாசிக்கப்பட்ட கவிதை இன்னும் ஓயவில்லை. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாசித்த பெண் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போய்விட்டாள். குரல் மட்டும் அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதல் வரியில் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மன்றத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். பேசி முடித்ததும் தலைவர் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். அது ஒலித்தால்தான் பேச்சு முடிந்தது. அன்றைக்குக் கடைசியாக அவளை அழைத்தார்கள். அவள் நான்காவது வரிக்கு வருவதற்குள் தலைவர், இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க வேண்டுமா என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மணி அடிக்கவில்லை.

அவளைத் தெருவில் கண்ணாடி என்பார்கள். பாலியல் தொழில் நடக்கும் அந்தத் தெருவில் பதினேழு வீடுகள். மூக்குக் கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான். பத்தொன்பது ஆண்டுகளாக அவளும் அதே தொழிலில் இருந்தாள், மற்றவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தாள். மனுக்கள் எல்லாம் திரும்பி வந்தன. தகப்பன் அல்லது கணவன் பெயர் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது, அதைக் காலியாக விட்டால் வாங்க மாட்டார்கள். கவிதையில் அப்படிக் கட்டம் எதுவும் கிடையாது என்று அவளுக்கு ஒருநாள் உறைத்தது. அதன் பிறகு, ஆள் வராத மத்தியான வேளைகளில், தலை வாரிக்கொண்டே பெண்கள் சொன்னதையெல்லாம் அவள் கவிதையாக எழுதத் தொடங்கினாள்.

அடுத்த அறையில் இருந்தவள் குட்டை. முப்பத்தொரு வயது, கட்டைக் குரல், யாரையும் சிரிக்க வைத்துவிடுவாள். ஒரு நண்பகலில் போலீஸ்காரர்கள் இரண்டு வேன்களில் வந்து பன்னிரண்டு பெண்களைக் காப்பகத்துக்கு ஏற்றிப் போனார்கள். அதற்கு மீட்பு என்று பெயர். கண்ணாடி சோப்பு வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன, குட்டையின் அறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காப்பகத்திலிருந்து வெளியே வர ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பேருக்கு அப்பனோ புருஷனோ, புருஷன் என்று சொல்லிக்கொண்டவனோ வந்தான். குட்டையின் அண்ணன் தொலைபேசியில், எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கண்ணாடி போய், உறவுமுறை என்ற இடத்தில் தோழி என்று எழுதினாள். காப்பாளர் அதை அளவுகோல் வைத்து நேர்க்கோடாக அடித்தார். அப்படியே பதினான்கு மாதம் போயிற்று. குட்டை தலையணை உறை தைத்தாள். அவள் கூந்தலைப் பேனுக்குப் பயந்து வெட்டிவிட்டார்கள். பிறகுதான் கண்ணாடி மன்றத்தில் பேர் கொடுத்தாள். அவள் வாசித்ததில் ஒரு பகுதி இது:

அவள் தொலைந்து போகவில்லை, நீங்கள் கண்டெடுக்க.
அவளுக்கு ஒரு கதவு இருந்தது,
அதன் சாவி அவள் இடுப்பில் இருந்தது.
இப்போதும் கதவு இருக்கிறது, சாவி உங்கள் இடுப்பில்.
எங்கே இருக்க விருப்பம் என்று
அவளைக் கேட்டீர்களா?

மறுநாள் காலை அந்தக் குரலை முதலில் கேட்டவள் துப்புரவுப் பணியாளர். துடைப்பத்தைப் பிடித்தபடி இரண்டு முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போய்ச் சொன்னாள். மின்பணியாளர் மைக்கைக் கழற்றினார், ஒலிபெருக்கியைக் கழற்றினார், கடைசியில் கட்டடத்துக்கே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். ஜன்னல்களை இரண்டு நாள் திறந்து போட்டார்கள். தலைவர் வெள்ளிக்கிழமை வந்து மணியைப் பதினொரு முறை தட்டினார். எதுவும் பலிக்கவில்லை, கூட்டங்கள் குரலுக்கு மேலேயே நடந்தன. சாக்கடைக் குழாயைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர், பேச்சோடு பேச்சாக "அவளைக் கேட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திகைத்து உட்கார்ந்தார்.

கூடத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லும் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. எழுத்தர் தன் ஓய்வூதியத்தைப் பற்றிச் சதா கவலைப்படும் மனிதர். விதியை மீற அவருக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் கவிதை நாற்பது முறை சுற்றி வந்தால் நாற்பது முறையும் எழுதினார். ஆறு பக்கக் குறிப்பு நூறு பக்கமாயிற்று. அதன் நகல் வாராவாரம் மேலிடத்துக்குப் போயிற்று. பத்தாவது மாதம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி நபர் யார், நாற்பத்தொரு கூட்டங்களாகக் கேட்கப்படும் கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதா, பதினைந்து நாளில் பதில் தேவை.

குட்டையைக் காப்பக வண்டியில் கூட்டி வந்தார்கள். கூடம் நிரம்பியிருந்தது. தலைவர் அவளைப் பார்க்காமல் கடிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா இருக்க விருப்பம்?"

"என் ரூம்ல."

"அங்க போய் என்ன பண்ணப்போற?"

"மொதல்ல கதவ உள்பக்கமா தாழ்ப்பாப் போடுவேன்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். தலைவர் அவளை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். குரல் இப்போது நின்றுவிடும் என்று எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த கண்ணாடி குட்டையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவிதையைக் குட்டை கேட்பது அன்றுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னபடியே தாழ்ப்பாள் போட்டவள் மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் கண்ணாடியின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அங்க இருந்த அத்தன பேருக்கும் என் கதை மனப்பாடம்க்கா. எங்கண்ணன் என்ன சொன்னான்னு எனக்கே அங்கதான் தெரிஞ்சுது."

"உன்ன வெளிய கொண்டாரத்தாண்டி..."

"அது தெரியும். எழுதறதுக்கு முன்ன என்னக் கேட்டியா?"

மன்றத்தில் பேர் கொடுக்கும் முன்னரே, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, கண்ணாடி இருபத்தெட்டு முறை அவளைப் பார்த்திருக்கிறாள். தூக்கம் வருகிறதா, மாத்திரை தருகிறார்களா, துணி போதுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒருமுறை அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, திரும்பப் பைக்குள் வைத்தும் இருக்கிறாள்.

மறுநாள் அவள் தனியாக மன்றத்துக்குப் போய்த் தன் குரலிடம் போதும் என்றாள். அது காதில் வாங்கவில்லை. வேறொரு கவிதையை அதன்மேல் உரக்கப் படித்துப் பார்த்தாள், தொண்டைதான் கட்டியது. திரும்பி வந்து, என்னால் நிறுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

"நிறுத்தச் சொன்னேனா? அழுதுகிட்டே வண்டியில ஏறினேன்னு அதுல வருதே, நீ பார்த்தியா?"

"இல்ல. கடைக்குப் போயிருந்தேன்."

"அப்புறம் எதுக்கு அழுதேன்னு எழுதின?"

"அப்பதான் கேப்பாங்கன்னு நெனச்சேன்."

குட்டை, "உன் புத்திய என்னன்னு சொல்ல" என்று எழுந்து போனாள்.

அடுத்த புதன்கிழமை குட்டை மன்றத்தில் மூன்று நிமிடம் கேட்டு வாங்கினாள். அழுதுகொண்டே ஏறினாள் என்ற வரி வந்ததும், "அழல. திட்டினேன்" என்றாள். குரல் நின்றது. அத்தனை மாதங்களில் முதல்முறையாகக் கூடத்தில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. பிறகு, திட்டிக்கொண்டே ஏறினாள் என்று சொல்லிவிட்டு அது மேலே போயிற்று. எழுத்தர் பேனாவை நிறுத்தி, என்னவென்று திட்டினீர்கள், விதிப்படி முழுதாக வேண்டும் என்றார். அவள் சொன்னாள். உறுப்பினர்கள் கோப்புகளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். எழுத்தர் காதுமடல் சிவக்க ஒரு சொல் விடாமல் எழுதி முடித்தார்.

அதன் பிறகும் வேன்கள் இரண்டு முறை வந்து போயிருக்கின்றன. கவிதை இப்போது பதினொரு நிமிடம் ஓடுகிறது. புதன்கிழமைதோறும் தெருவிலிருந்து யாராவது வந்து, என்னைப் பற்றிய இடத்தில் இது தவறு, அதை எடுங்கள், இதைச் சேருங்கள் என்று சொல்கிறார்கள், அது மாற்றிக்கொள்கிறது. கூட்டங்கள் ஆறு மணிக்கு முன் முடிவதில்லை. நிகழ்ச்சி நிரலின் முதல் வரியில், கவிதை, திருத்தங்கள் இருப்பின், என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். அதன் பிறகு குடிநீர், தெருவிளக்கு, இதர விஷயங்கள்.