காத்திருப்புக் கூடத்தில் ஒரு பள்ளம்

சாரத்தின் உச்சிப் பலகையில் உட்கார்ந்து அடிப்பூச்சு பூசிக்கொண்டிருந்த தங்கையை அண்ணாந்து பார்த்து, ஓர் அருவி, நாலு மரம், கூட இரண்டு மான் சுவரில் வரைந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார் மருத்துவமனை நிர்வாக அதிகாரி. டோக்கன் வாங்கிக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள், வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நீளச் சுவர் அது. சாப்பாட்டுத் தூக்கோடு கீழே நின்ற அக்காவுக்கு அருவி யோசனை பிடித்திருந்தது. அவள் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறவள். வேலை முடிந்து அப்படியே வந்ததால் புருவத்தில்கூடக் கல்தூள். நாள் முழுக்க வெட்டிய பாறையைப் பார்ப்பவளுக்குத் தண்ணீர் கொட்டுகிற படம் கசக்குமா?

தங்கை இறங்கி வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் இதுவரை ஓர் அருவியைக்கூட நேரில் பார்த்ததில்லை என்றாள். குவாரியைத்தான் வரையப் போவதாகவும், ஒருநாள் லாரியில் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொன்னாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இன்று பள்ளமாகக் கிடக்கும் இடத்தில் முன்பு ஒரு மலை இருந்தது. அதைத் தின்று தீர்த்த கைகளில் அவளுடையதும் உண்டு. தங்கை ஓவியம் படித்ததும் அந்தக் கை சம்பாதித்த காசில்தான்.

"ஏண்டி, ஊரே பாக்குற சுவத்துல என்னைக் குத்திக் காட்டப் போறியா?"

"குத்திக் காட்டணும்னா வெளிய நின்னே வரைஞ்சிருப்பேன்க்கா. நான் உள்ள வந்து பாக்கணும்கிறேன்."

மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள் அக்கா. லாரி சுற்றிச் சுற்றிப் பள்ளத்துக்குள் இறங்கியது. தங்கை பென்சிலையே எடுக்கவில்லை. இந்த வளைவில் பிரேக்கை எவ்வளவு மிதிக்க வேண்டும், பாரம் ஏற்றினால் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே பயமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி எதிர்ப்பாறையைக் காட்டினாள். மேலே துருப்பிடித்த சிவப்பு, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே வெண்ணெய் நிறம். அடியில் தேங்கிய தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இத்தனை வருஷமாகச் சக்கரத்தையும் விளிம்பையும் மட்டுமே பார்த்து ஓட்டியிருந்தாள் அக்கா. மறுநாள் தனியாக இறங்கும்போது, எதிர்ப்பாறை தெரிந்த அந்த இடம் வந்ததும் அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

படம் முடியும் தறுவாயில் அதிகாரி வந்து பார்த்து முகம் சுளித்தார். நோயாளிகள் வரும் இடத்தில் இப்படியொரு குழியா என்றார். மூலையில் ஓர் அருவியாவது விழ வேண்டும், இல்லையென்றால் வெள்ளையடித்துவிடுவேன் என்றார். வெள்ளையடிப்பது உங்கள் இஷ்டம், அருவி என் கையில் வராது என்று தூரிகையைத் துடைத்து வைத்தாள் தங்கை. தலைமை மருத்துவர் வந்து முடிவு சொல்லட்டும் என்று ஆயிற்று.

அவர் வருகிற அன்று அக்கா விடுப்புப் போட்டுவிட்டு, நோயாளிபோல வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் தங்கை. தலைமை மருத்துவர் வேகமாக வந்தார், சுவருக்கு முன்னால் நின்றார். நர்ஸ் இருமுறை வந்து கூப்பிட்டும் நகரவில்லை. கடைசியில் அதிகாரியிடம் திரும்பி, இந்தச் சாரத்தை ஏன் இன்னும் கழற்றாமல் படத்தை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஆட்கள் வந்து கம்புகளை அவிழ்த்தார்கள். முழுச் சுவரும் தெரிந்தது. பக்கத்தில் கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த பெண், யார் இதை வரைந்தது என்று பொதுவாகக் கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வரைஞ்சது என் தங்கச்சி." கொஞ்சம் பொறுத்து, "தோண்டினது நான்" என்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அடிபடாத கையின் விரலைப் படத்திலிருந்த லாரிப் பாதையின் உச்சியில் வைத்து, வளைவு வளைவாகக் கீழே இறங்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். விரல் இன்னும் தண்ணீரை எட்டியிருக்கவில்லை.