எல்லாத்துக்கும்தான்

தெரிஞ்சோ தெரியாமலோவாம். தெரியாம நீ இன்னா செஞ்ச, அதச் சொல்லு பாப்போம்.

ஹாதியா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தங்களின் வீடு வீடாகப் போய், கையைப் பிடித்து, செய்த தப்புக்குப் பொருத்தம் கேட்பார்கள். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான். அண்ணன் மைதீன் செங்கல்பட்டிலிருந்து, பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அவள் வீட்டுக்கு வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே குரல் செய்தி: தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா பொருந்திக்குங்க. அதன் கீழே எல்லோரும் பூப்படம் போட்டுப் பொருந்திக்கொண்டார்கள். அவள் மட்டும் எதுவும் போடவில்லை.

இன்று அங்கே மக்காவில் ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் நிற்கும் நாள். கேட்ட துஆ வீண்போகாத நாள். இங்கே பிறை பிந்தியதால் ஊருக்கு நோன்பு நாளைக்குத்தான். ஹாதியா இன்றே பிடித்திருந்தாள். நோன்போடு கோபப்படக் கூடாது. காலையிலிருந்து எச்சிலோடு கோபத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். அது தீருவதாக இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணி ஷஹர்பானு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"டீ போடட்டா அண்ணி? எனக்கு நோன்பு."

"இன்னிக்கேவா? ஊரு ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம். சவுதிலயே பொறந்தவ மாதிரி!" சிரித்துவிட்டுப் போனை எடுத்தாள். "அவரு போன் பண்ணா எடுக்கவே மாட்டேன்றியாமே. அங்க அழுதுகினு கீறாரு. பொருந்திக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. இன்னா கொறஞ்சிடப் போவுது உனக்கு?"

பிறந்த ஊரான புதுப்பட்டினத்தில் அம்மா மௌத்தான அன்று காலையில் ஹாதியா மறைமலைநகரில் ஷிப்டில் இருந்தாள். கம்பெனியில் போன் லாக்கருக்குள். டீ இடைவேளையில் எடுத்துப் பேசியபோது, "நீ வந்துதான் குளிப்பாட்டணும், காத்துகினு கீறோம், வா" என்றான் மைதீன். அவள் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மதியம் லுஹர் தொழுத கூட்டம் கலைந்துவிட்டால் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நிறையாதே என்று அவனுக்குக் கவலை. அம்மாவின் உடம்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். மகளுக்காகக் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டவர்களிடம், "ஷிப்ட விட்டு வர முடியாதுன்னுட்டா" என்று சொல்லியிருந்தான். வாசலில் அழுதபடி நின்றவளைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "இப்ப இன்னாத்துக்கு வந்த? சம்பளம் போட்டுட்டானா?" அந்த நொடியில் அழுகை நின்றது. அதன்பின் அம்மாவுக்காக அவளால் அழ முடிந்ததே இல்லை. புதுப்பட்டினத்தில் இன்றைக்கும் அவள் அந்த மகள்தான்.

ஷஹர்பானு வீடியோ அழைப்பைப் போட்டுப் போனை அவள் கையில் திணித்தாள். திரையில் மைதீன். தோளில் வெள்ளை இஹ்ராம் துண்டு, வெயிலில் கறுத்த முகம், பின்னால் கூடாரத்தில் கையேந்திய கூட்டம்.

"பாப்பா, பொருந்திக்கம்மா. தெரிஞ்சோ தெரியாமலோ…"

"எதுக்குண்ணே?"

"எல்லாத்துக்கும்தான்."

"அம்மா மௌத்துக்கு நான் வரமாட்டேன்னு சொன்னதா ஊருல சொன்னியே. அது பொய்யின்னு சொல்லு. குரூப்புல சொல்லு. எல்லாரும் பூ போட்டாங்களே, அதயும் கேக்கட்டும்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "பழசெல்லாம் இப்ப எதுக்கு? நேரம் போயிகினே கீது ஹாதியா. பொழுது சாஞ்சு மஃரிப் ஆயிட்டா முடிஞ்சுது."

அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அது பொய்யில்லை. பொய்யில்லை என்பதுதான் அவளை எரித்தது. அல்லாஹ்வுக்கு இத்தனை பயப்படுகிறவனுக்கு, புதுப்பட்டினத்து நாலு பேரிடம் உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம். அவள் அவனுடைய வெள்ளைத் துணியில் ஒரு கறை. மஃரிபுக்குள் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்ட சொல்தான். சொன்னால் அவன் நிம்மதியாக ஊர் திரும்புவான், ஹாஜியாராக. அவள் அப்படியேதான் இருப்பாள்.

"நல்லா துஆ கேளுண்ணே," என்றாள்.

"அப்ப பொருந்திக்கினியா?"

ஹாதியா போனைக் கட்டிலில் வைத்தாள்.

"சொல்லிடேன்டீ, உன் காலப் புடிக்கிறேன்," என்று ஷஹர்பானு அவள் முழங்கையைப் பற்றினாள். ஹாதியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. திரை கூரையைப் பார்த்துக் கிடந்தது. அங்கே யாரோ உரத்த குரலில் துஆ கேட்க, கூடாரம் முழுவதும் ஆமீன் சொன்னது. ஷஹர்பானுவும் தன்னையறியாமல் சொன்னாள். ஹாதியாவின் உதடுகள் மூடியே இருந்தன.