தகரக் கதவுக்குள்

வெங்காயம் கிண்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, உரும்பிராயில் நாங்கள் கூலிக்குப் போகிற தோட்டத்திலேயே கூழ் காய்ச்சிக் குடிப்பது என்று முடிவெடுத்தோம். குனிந்தே கிடந்த மண்ணில் ஒரு பின்னேரமாவது சும்மா இருந்து பார்க்க ஆசை.

என் மனைவி தயாளினி தானும் வருவேன் என்று நின்றாள். போன வருடம் ஒரு குளவி கொட்டி அவளுக்குத் தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில்தான் மூச்சு திரும்பி வந்தது. இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவள் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே வரவில்லை.

"நெடுக வீட்டுக்கை கிடந்து விசர் பிடிக்குது. நான் வாறன்" என்றாள்.

வரம்போரப் பனையின் கீழ் அடுப்பு மூட்டி, கூழ் குடிக்கப் பலா இலைகளைக் கோலி வைத்தோம். கூழ் கொதிக்க முதலே நுளம்பு மொய்த்துக் கடிக்கத் தொடங்கிவிட்டது. என்னோடு மண்வெட்டி பிடிக்கிற அருட்செல்வனுக்கு எல்லாம் பகிடிதான்.

"அண்ணை, உவைக்கும் பிலாவிலை கோலிக் குடுங்கோ. கூழைக் குடிச்சிட்டுப் போகட்டும்."

பிறகு பச்சை வேப்பங்குழையை நெருப்பில் போட்டுப் புகை எழுப்பினான். நுளம்பு பறந்துவிட்டது. "அப்பாடா" என்று தயாளினி காலை நீட்டி இருந்தாள்.

புகை பனையில் ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த வருடம் காவோலை வெட்ட ஆள் கிடைக்காமல் அது மரத்தைச் சுற்றிக் காய்ந்து தொங்கியது. கூடு அதற்குள் இருந்தது.

"குளவி! ஓடுங்கோ!" என்று கத்தியபடி அருட்செல்வன் தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தான். நான் தயாளினியை இழுத்துக்கொண்டு இறைப்பு மெசின் வைக்கிற கொட்டிலுக்குள் புகுந்து தகரக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே மெசினுக்கும் சுவருக்கும் இடையில் கால் மடக்கக்கூட இடமில்லை. மண்ணெண்ணெய் மணம். கதவின் கீழ் உரப்பைகளை அடைத்தேன். கூரையோர ஓட்டைக்குள் போட்டிருந்த சேட்டைக் கழற்றித் திணித்தேன். ஒரு பையால் அவளைப் போர்த்தேன். தகரத்தில் குளவிகள் வந்து மோதிக்கொண்டே இருந்தன. சூட்டில் இருவருக்கும் வியர்வை ஒழுகியது.

தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணை, அக்கா சுகமோ?"

"ஓம். நீ?"

"தலையை அவையளுக்குக் குடுத்திட்டன். மிச்சம் தண்ணிக்கை பத்திரம்!"

தயாளினி சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அவளுடைய தோளில் ஒன்று ஊர்வதைக் கண்டேன். எந்த வழியால் நுழைந்ததோ.

"ஆடாதை."

"எங்கையப்பா?"

"கதையாதை."

அடிக்க முடியாது; தப்பினால் கொட்டிவிடும். கதவைத் திறக்கவும் முடியாது. அது பையை விட்டு அவளுடைய கழுத்தில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையைக் கொண்டுபோய் அதைப் பொத்திப் பிடித்தேன். உள்ளங்கையில் கொட்டியது. திரும்பவும் கொட்டியது. அது நசியும்வரை விரலை விரிக்கவில்லை.

அவளுடைய கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். தடிப்பு ஒன்றும் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பொழுதுபட இரைச்சல் ஓய்ந்தது. அருட்செல்வன் வந்து கதவில் தட்டினான். அவன் முகம் வீங்கி, கண் கோடாகியிருந்தது.

"அடங்கியிட்டினம். வாங்கோ."

தெருவுக்கு வந்து அருட்செல்வனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான் தயாளினியிடம் சொன்னேன்: "இனி நீ வெளிக்கிடக்கூடாது. வீட்டிலையே இரு. வேண்டியதெல்லாம் நான் கொண்டு வந்து தாறன்."

"உந்தக் கொட்டிலுக்கை இருந்தது எப்பிடி இருந்தது?"

நான் வேலியில் சாத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனேன்.

"நான் ஒரு வருசமா உப்பிடித்தான் இருக்கிறனப்பா."

வீங்கிய கையால் சைக்கிள் கைபிடியைப் பிடிக்க முடியவில்லை. அவள் சைக்கிளை வாங்கி, "கரியரிலை ஏறுங்கோ" என்றாள். வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் திரும்பாமல், கோப்பாய்ப் பக்கம் நேரே விட்டாள்.

"எங்கை போறாய்?"

"சும்மா."

காற்று அவளுடைய தலைமயிரை என் முகத்தில் அடித்தது. நான் இரண்டு பக்க மரங்களிலும் கூடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.